மருத்துவமனை வாயிலும் மக்கள் நம்பிக்கையும்

'சேரி மக்கள் மருத்துவரை நம்பமாட்டார்கள். நோய் முற்றிய பின்னரே வருவார்கள். கொடுத்த மருந்தையும் ஒழுங்காக உண்ணமாட்டார்கள்' என்னும் பேச்சு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இதற்குக் காரணம் யாது எனக் கேட்டால் 'அறியாமை' என்று ஒரே சொல்லில் விடை கூறி முடித்துவிடுவர். கூறுவோருக்கு அது மிக வசதியான சொல். குற்றம் நோயாளியுடையது என்றாகிவிட்டால், மருத்துவமனையைப் பற்றி எவரும் வினா எழுப்ப வேண்டுவதில்லை அன்றோ? கல்வியின் பொருட்டு இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த ஒரு கழகத்தின் வெள்ளி விழா மலரில், 'அறியாமை' என்னும் இச்சொல் எவ்வாறு ஆளப்பட்டு வந்தது, யாரால் அது சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதை ஆராய்வது பொருத்தமுடையதேயாகும்.

அச்சொல்லைச் சோதித்துப் பார்ப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் பேராசிரியர் தேபபர் பானர்ஜி. மருத்துவம் பயின்று, பின்னர்ச் சமூக ஆராய்ச்சியில் இறங்கியவர். பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையத்தில் பணியாற்றித் தொடங்கி, தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவத் துறையை உருவாக்கியவர்களுள் ஒருவர். அவருடைய ஆய்வுகள் நடந்த இடம் பெரும்பாலும் நம் நகரம் அன்று. ஆயினும் அவர் கண்ட உண்மையின் பொருள் முழுவதும் விளங்க வேண்டுமானால், சென்னையின் கதையை முதலில் அறிதல் வேண்டும்.

அம்மைப்பாலிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தில் ஜென்னர் கண்ட பெரியம்மைத் தடுப்பு முறை 1802ஆம் ஆண்டில் இந்தியாவை அடைந்தது. அக்காலத்தில் அம்மைப்பாலைக் கெடாமல் சேமித்து வைக்கும் வழியில்லை. ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டு நாட் கழித்து அங்கே எழும் கொப்புளத்தைக் கீறி, அதிலிருந்து வடியும் பாலை மற்றொரு குழந்தையின் கையில் ஏற்றுவார்கள். கைவிட்டுக் கை மாறியே அது ஊர் ஊராகச் சென்றது. இங்கேதான் சாதி குறுக்கிட்டது. தாழ்ந்த சாதிப் பிள்ளையின் உடலிலிருந்து எடுத்த நீர் தம் பிள்ளையின் உடலிற் கலப்பதா என்று மேற்குலத்தார் பலர் மறுத்தனர். கொப்புளத்தைக் கீறக் கொடுத்த பிள்ளைகளோ பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். கீறிய புண் சீழ்பிடித்தல் உண்டு, காய்ச்சலும் வரும். பிற பிள்ளைகள் பிழைப்பதற்காகத் தம் பிள்ளையின் புண்ணை மறுமுறை கீற விடும்படி கேட்கப்பட்ட தாய், ஊசிக்காரரைக் கண்டதும் கதவை அடைத்திருப்பாளாயின், அதனை அறியாமை என்று கூறுவது நேர்மையாகுமா?

மக்களை இணங்கச் செய்ய அக்கால ஆட்சியாளர் கையாண்ட வழி ஒன்று விந்தையானது. 1810 முதல் சென்னையின் கலெக்டராக இருந்தவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழறிந்தவர், திருக்குறளில் ஈடுபாடு கொண்டவர். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் என்பார், தாம் பணிபுரிந்த ஆரிங்டன் துரை வாயிலாகக் குறட்சுவடியை எல்லிஸ் கையிற் சேர்த்தார் என்னும் செய்தியைப் பண்டிதரே எழுதி வைத்துள்ளார். மயிலாப்பூரை அடுத்த இராயப்பேட்டையில், 1818ஆம் ஆண்டு இருபத்தேழு கிணறுகள் வெட்டுவித்த செய்தியைக் கூறும் எல்லிசின் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. நல்லவரே; ஆயினும் அம்மைப்பால் விஷயத்தில் அவர் ஒரு புனைவை நாடினார். அம்பிகையே ஆவின் வழியாக அம்மைப்பாலை மக்களுக்கு அருளினாள் என்று ஒரு கதை எழுதினார். 1819இல் சென்னைக் கூரியர் ஏட்டில் 'கல்வி விரும்பன்' என்னும் புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. தன்வந்திரி இயற்றிய பழைய நூலிலேயே இம்முறை கூறப்பட்டுள்ளது என்றது அக்கடிதம். அதுவும் எல்லிசின் கைவரிசையே என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. அப்படியொரு பழைய நூற்பகுதி இல்லை.

பொய்யாயினும் நன்மைக்காகச் சொன்னது என்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். பொய் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காண்க. கன்றுக்குட்டியின் உடலில் அம்மைப்பாலை வளர்க்கும் முறை வந்து, கைவிட்டுக் கை மாறும் கொடுமை ஒழிந்த பின்னர், அதற்கென அமைந்த கிண்டி கிங் நிலையத்தை 1905ஆம் ஆண்டில் ஆளுநர் ஆம்ப்தில் பிரபு திறந்து வைத்தார். அவ்வமயம் அவர் ஆற்றிய உரையில், பண்டை இந்தியர் இதை அறிந்திருந்தனர் என்று தன்வந்திரியின் பெயரால் வழங்கிய அதே வாசகத்தைச் சான்றாகக் கூறினார். மக்களை ஏமாற்ற எழுதியது, எண்பத்தாறு ஆண்டுகளில் ஆள்வோரையே ஏமாற்றிவிட்டது. இன்றும் அதனை உண்மையென மேற்கோள் காட்டுவோர் உண்டு. பெரியம்மை பிற்காலத்தில் ஒழிந்தது. இந்தியாவில் 1975இல் கடைசி நோயாளி காணப்பட்டார். 1980இல் உலகினின்றே அது நீங்கிவிட்டதென அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றிக்கு அம்பிகையின் கதை உதவியது என்பதற்குச் சான்றில்லை. வீடு வீடாக நடந்து நோயாளியைத் தேடிய பணியாளரே அதற்குக் காரணம்.

நம்பிக்கை என்பது உள்ளத்தில் தோன்றுவதற்கு முன்பு காலால் நடந்து செல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தத் தடையில்லை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இலேதான். இராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' இதழை நடத்திய அயோத்திதாசர், சித்த மருத்துவராகவும் விளங்கியவர் என்பதை இங்கே நினைவு கூர்தல் தகும். தெருவிற் செல்லவே உரிமை மறுக்கப்பட்ட மக்கள் தம் தெருவிலிருந்த வைத்தியரிடம் சென்றதில் வியப்பில்லை.

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளாகிய காசநோய்க்கு வருவோம். என்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய நோய் இது. குடிசைகளில் நெருங்கி வாழ்வோரையே அது மிகுதியாகப் பற்றியது. விடுதலைக்குப் பின், 1948இல், இதற்கான பி.சி.ஜி. தடுப்பூசியைச் செய்யும் நிலையம் கிண்டியில் நிறுவப்பட்டது. பன்னாட்டு நிறுவனங்களின் துணையோடு ஊசி போடும் பேரியக்கம் நாடெங்கும் பரவியது. அப்போது எழுந்த எதிர்ப்பின் தலைநகரம் நம் சென்னையே. ஏ. வி. இராமன் என்னும் சுகாதாரப் பொறியாளர் முதலில் குரல் கொடுத்தார். பின்னர், 1954இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய இராஜாஜி, 1955ஆம் ஆண்டில் 'நான் ஏன் பி.சி.ஜி.யை எதிர்க்கிறேன்' என்னும் பொருளில் ஆங்கிலத்திற் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார்.

இராஜாஜி பெயரைக் கேட்டதும் நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1953ஆம் ஆண்டின் அரைநாட் பள்ளித் திட்டமேயாகும். குலக்கல்வி என்று நம்மவர் அதற்கு இட்ட பெயர் இன்னும் மறையவில்லை, மறையவும் வேண்டியதில்லை. எனினும் கருத்தை அதனைக் கூறியவரிடமிருந்து பிரித்துப் பார்த்தலே ஆராய்ச்சிக்கு அழகு. அவர் கேட்ட வினாக்கள் எளிய வினாக்கள். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலிற் செலுத்துகின்றீர். அது நோயைத் தடுக்கும் என்பதற்கு இந்நாட்டிற் செய்த சோதனை எங்கே? பெற்றோருக்கு என்ன சொல்லி இணக்கம் பெற்றீர்? மைய அரசின் நலவாழ்வு அமைச்சர் அம்ருத் கௌர் தரப்பிலிருந்து கிடைத்த விடை, உலக வல்லுநர் ஏற்றுக்கொண்டது என்பதே பெரும்பாலும். வல்லுநர் ஏற்றார் என்பது விடையாகுமா? அந்நாளில் அந்த வல்லுநர்களே தமக்குள் உடன்பாடில்லாதிருந்தனர். பிரிட்டனில் நடந்த சோதனையின் முதல் அறிக்கை 1956இலேதான் வெளிவந்தது. அது தடுப்பூசிக்குச் சாதகமாகவே அமைந்தது.

இந்த வழக்கு முடிந்த விதம் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. முடிவு சொல்லப் புகுந்ததும் நம் செங்கற்பட்டு மாவட்டமே. திருவள்ளூரைச் சுற்றிய வட்டாரத்தில் 1968 முதல் 1971 வரை ஒரு மாபெருஞ் சோதனைக்கு மக்கள் சேர்க்கப்பட்டனர். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைநீட்டினர். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி. மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லா ஊசி. எவருக்கு எது என்பது ஊசி போடுவோருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று ஊடுகதிர்ப் படமெடுத்தனர். ஏழரை ஆண்டு முடிவுகள் 1979, 1980ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரற் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவே இல்லை என்பது முடிவு. 1999இல் வெளியான பதினைந்தாண்டு முடிவும் அதையே உறுதி செய்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் வகையையும் தடுப்பதில் அதற்குப் பயன் உண்டு. ஆதலால் பிறந்த குழந்தைக்கு அதனைப் போடுவது இன்றும் தொடர்கிறது, தொடர வேண்டியதுமாகும்.

இராஜாஜி வென்றாரா? பாதி. சான்று கேட்டது சரி. ஆயினும் அவரது எதிர்ப்பால் அச்சமடைந்து ஊசியை மறுத்த குடும்பங்களிற் கைக்குழந்தைகளும் இருந்திருப்பர். அரசு வென்றதா? அதுவும் இல்லை, உறுதியில்லாததை உறுதியென்று சொல்லிவிட்டது. இவ்விரு தரப்பையும் விட என் மதிப்பிற்கு உரியவர்கள் செங்கற்பட்டுக் கிராமத்து மக்களேயாவர். 'படிப்பறிவற்றவர்' என்று ஏடுகளில் எழுதப்பட்ட அவர்கள், தம்மை நாடி வந்தவர்களை நம்பிக் கை நீட்டினார்கள், ஆண்டுக்கணக்காக ஒத்துழைத்தார்கள். உலகம் முழுதும் பயன்பட்ட ஒரு விடை அவர்களுடைய கைகளிலிருந்து கிடைத்தது. மனிதரைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கான அறநெறி அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது 1980இலேதான் என்பதையும் இங்கே குறித்து வைப்போம்.

சேத்துப்பட்டின் கதை இன்னும் சிறப்புடையது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் பின்னர் அரசின் கைக்கு வந்தது. காசநோய்க்கு வழி அதுவே என்பது அந்நாட் கொள்கை: நல்ல காற்று, நல்ல உணவு, படுக்கையில் ஓய்வு, ஓராண்டுக்கு மேலும். ஆனால் நோயாளிகளின் தொகைக்குப் படுக்கைகள் எம்மூலைக்கும் போதவில்லை. கூலி வேலை செய்பவன் ஓராண்டு படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா என்பது அக்கொள்கையில் இடம்பெறாத கேள்வி. 1956இல் சென்னை அரசும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை நிலையத்தை நிறுவின. அதன் முதல் தலைவர் வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர்.

அந்நிலையம் மேற்கொண்ட முதற் சோதனை 193 நோயாளிகளைக் கொண்டது. நகரத்தின் ஏழை மக்களே அவர்கள். குலுக்கல் முறையிற் பிரித்து, பாதிப்பேரைத் தாம்பரத்துக்கு அனுப்பினர். பாதிப்பேரைத் தத்தம் வீட்டிலேயே இருக்கவிட்டு, ஐசோநயசிட், பி.ஏ.எஸ். ஆகிய மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். வல்லுநர் பலர் தலையசைத்தனர். சேரிவாசி மாத்திரையை ஒழுங்காக விழுங்குவானா? ஒரே அறையில் படுக்கும் பிள்ளைகளுக்கு நோயைத் தொற்ற வைக்க மாட்டானா? மறுபடியும் அதே 'அறியாமை'.

நிலையத்தார் செய்தது பெரிய தந்திரம் ஒன்றும் அன்று. வீட்டுக்குப் போனார்கள். நோயாளியின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். சொல்லாமலே சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தார்கள். முழு நம்பிக்கை என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆயினும் கண்காணிப்பவர் தெருவைத் தேடி வந்தார் என்பதும், மருந்து இலவசமாகத் தவறாமற் கிடைத்தது என்பதும் முன்னர் இல்லாத புதுமை. 1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டிலிருந்தோரில் நூற்றுக்கு 86 பேரும் கிருமி நீங்கப் பெற்றனர். வீட்டாருக்கு நோய் தொற்றியதிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை; பின்னர் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தும் அதுவே உண்மையாயிற்று. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. உலகெங்கும் காசநோய் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னைச் சேரிகளின் நடைபாதையில் பிறந்த இச்சான்று ஒரு பெருங்காரணம். நிலையம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

நோயாளி கைக்குக் கிடைத்த பின்பு மருந்து கொடுப்பதைச் சேத்துப்பட்டு காட்டியது. ஆனால் நோயாளி வராமல் இருப்பது ஏன்? இவ்விடத்திலேதான் பானர்ஜி வருகிறார். 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையம் அமைந்தது. அங்கே டென்மார்க்கைச் சேர்ந்த சமூகவியலார் ஸ்டிக் ஆண்டர்சனும் பானர்ஜியும் தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடத்தினர். மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் கேட்டால் வராதவர்களின் கதை தெரியாது. ஆதலால் ஊர் முழுவதற்கும் ஊடுகதிர்ப் படமெடுத்து நோயுற்றோர் எவர் எனக் கண்டறிந்த பிறகு, அவர்கள் வீட்டிற்கே சென்று பேசினர். உமக்கு என்ன தொல்லை? எப்போது உணர்ந்தீர்? என்ன செய்தீர்?

1963இல் வெளியான அதன் முடிவு, அறிக்கைகளில் வழங்கி வந்த 'அறியாமை'யை வேரோடு சாய்த்தது. கிருமி உள்ளோர் ஏறத்தாழ அனைவரும் தம் உடலில் நோய்க்குறி இருப்பதை உணர்ந்தேயிருந்தனர். பலர் அதற்காகக் கவலையுற்றிருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் முன்னரே மருத்துவமனைக்குச் சென்று வந்துவிட்டனர்! சென்றவர்களுக்கு அங்கே கிடைத்தது என்ன? ஒரு புட்டி இருமல் மருந்து. சளியைச் சோதிக்க எவரும் முனையவில்லை. மயிலாப்பூர் மருந்தகங்களில் புட்டியைக் கையிற் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற நம் பெரியோர்களுக்கு அந்த 'மிக்சர்' நன்கு தெரியும். அதே நிறம், அதே இனிப்பு, எந்நோய்க்கும் ஒன்றே.

இதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மக்கள் மருத்துவத்தை நம்பினார்கள்; மருத்துவமே அந்நம்பிக்கைக்குத் தக்கவாறு நடக்கவில்லை. பல கல் தொலைவு நடந்து, ஒருநாட் கூலியை இழந்து, புட்டியோடு திரும்பியவன் மறுமுறை போகாவிட்டால், அது கற்ற பாடம், கல்லாமை அன்று. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இக்கருத்தின்மேல் எழுந்ததே. தனிக் காசநோய் மருத்துவமனைகளை எதிர்பார்த்திராமல், இருமலென்று எந்தப் பொது மருத்துவமனைக்கு வருவோர்க்கும் அங்கேயே சளியைச் சோதிக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. எழுத்தில் இருந்த அளவுக்கு அது நடைமுறையில் இல்லாமற் போனதைப் பானர்ஜியே பின்னாளில் கடுமையாக எடுத்துரைத்தார். தில்லிக்குச் சென்ற பின் பத்தொன்பது சிற்றூர்களில் அவர் நடத்திய நெடிய ஆய்வு 1982இல் வறுமை, வர்க்கம், நலவாழ்வுப் பண்பாடு என்னும் பொருள்பற்றிய நூலாயிற்று. மந்திரமும் நாட்டு மருந்துமே ஏழை மக்களின் விருப்பம் என்னும் எண்ணத்தை அதுவும் ஏற்கவில்லை. மக்கள் நவீன மருத்துவத்தை விரும்பினர். ஆரம்பச் சுகாதார நிலையமோ ஊரின் வசதி படைத்தோருக்கே எட்டியது. நிலமற்றோருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் எட்டவில்லை. நம் கழகத்தார் எவருக்கும் இது புதிய செய்தியாக இராது.

நம் பக்கத்திலேயே மாற்றுவழி தேடியவர்களும் இருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த டாக்டர் கே. எஸ். சஞ்சீவி, 1958இல் தன்னார்வ நலவாழ்வுச் சேவைக் கழகத்தை நிறுவி, அடையாற்றில் மருத்துவமனை எழுப்பினார். குடும்ப வருவாய்க்குத் தக்கபடி சிறுதொகை முன்கூட்டிச் செலுத்தினால் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் என்பது அவர் கண்ட ஏற்பாடு. பிச்சையாகப் பெறாமல் உரிமையாகப் பெறுவது அதன் சிறப்பு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் குடிசைகளில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம்.

சேத்துப்பட்டின் வெற்றியில் ஒரு சிறு நிழலும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. வீட்டிலிருந்த நோயாளிகள் எளிய உணவுண்டும் குணமடைந்தனர் என்ற முடிவைப் பலர், 'காசநோய்க்கு உணவு முக்கியமன்று' என்று சுருக்கிக் கொண்டனர். மருந்து கிடைத்தால் எளிய உணவிலும் குணமாகலாம் என்பது வேறு. அரைவயிற்றுக்கு உண்பவனை நோய் எளிதிற் பற்றும் என்பது வேறு. பசித்திருப்போர் இரண்டாவதை எப்போதும் அறிவர். ஆராய்ச்சி அதனை உறுதி செய்ய 2023 வரை காலம் எடுத்தது. ஜார்க்கண்டு மாநிலத்தில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைக் கொண்டு சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்று நடத்திய ஆய்வில், வீட்டார்க்கு அரிசி, பருப்பு முதலிய உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. தொற்றும் வகை நுரையீரற் காசநோய் 48 பங்கு குறைந்தது.

காசநோயாளிக்கு ஊட்டவுணவுக்கென மைய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கத் தொடங்கியது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழக அரசும் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டுசெல்லும் திட்டத்தைத் தொடங்கியது. தொகையும் மருந்தும் உரியவர் கையை அடைகின்றனவா, வந்தவர் வாசலில் நின்றே போய்விட்டாரா, உள்ளே வந்து நீர் பருகினாரா என்பதை மயிலையின் குப்பங்களிலும் குடியிருப்புகளிலும் வீடு வீடாகச் சென்று கேட்டெழுத நம் கழக மாணவர் பத்துப்பேர் போதும். பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூரில் கேட்ட அந்த மூன்று வினாக்களையே அவர்கள் கேட்கலாம்.